பொருள்: பலகை

முசஃபாவில் எனக்கு வேலை
காகிதங்களைக் காப்பது.
கப்பல் பழுது பார்க்கும் யார்டில்
இரும்பைத் தொடாமல் ஒன்பது வருடம்.

என் குறிப்பேடு கணினிக்குள் இருக்கிறது.
ஒரே கோப்பு, கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும்.
ஒவ்வொரு வரியின் கடைசியிலும்
நீல நிறத்தில் ஒரு வால்.
வாலைத் தொட்டால்
அந்த ஒரு மெயில் திறக்கும்.
பக்கத்து மெயில் அல்ல,
அதற்கு வந்த பதில் அல்ல,
அதுவேதான்.

முதலில் எல்லாரையும்போல
"வின்ஸி அனுப்பியதைப் பார்க்க" என்றுதான் எழுதினேன்.
வின்ஸி ஒரு நாளைக்கு அறுபது அனுப்புவார்.
பிறகு கோப்புறையின் பெயரைக் குறித்தேன்.
ஐடி பையன் ஒரு வியாழக்கிழமை
கோப்புறைகளை எல்லாம் கலைத்து அடுக்கிவிட்டு
லீவில் போய்விட்டான்.

அப்புறம்தான் தெரிந்தது,
ஒவ்வொரு மெயிலுக்கும்
பிறக்கும்போதே ஓர் எண் விழுகிறது.
எழுத்தும் இலக்கமும் பின்னிய நீளமான எண்.
எந்தப் பெட்டிக்கு மாற்றினாலும்
அது மாறாது.
அன்று கரக் டீயை ஆறவிட்டு
நானூறு வரிகளுக்கு வால் ஒட்டினேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஊரில் வீட்டுக்கு நிலை வைத்த அன்றுகூட
அவ்வளவு நிம்மதி இல்லை.

ஆகஸ்ட் பதினாலு.
மூன்றாம் பேயில் சாரப் பலகை புரண்டு
துரைக்கண்ணு விழுந்தார்.
நாலு மீட்டர்தானே என்றார்கள்.
இடுப்பு எலும்பு.
ஃபோனும் அவரோடேயே விழுந்தது.

விசாரிக்க ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வந்தார்.
"முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா?"
அறையில் எல்லாரும் ஏசியைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

இருக்கைக்கு வந்து கோப்பில் தேடினேன்.
ஒரே ஒரு வரி.
"ஆக. 11. பலகை, மூன்றாம் பே."
பிறகு வால்.
என் வரிதான். பிழையில்லாத வரி.
தொட்டேன்.

ஆங்கில எழுத்தில் தமிழ்,
காலை ஐந்து ஐம்பத்திரண்டு:
அண்ணே மூணாம் பே பலகை ஆடுது
கிளிப் ரெண்டு இல்ல
யார்ட்ட சொல்லணும்னு தெரியல
உங்களுக்கு அனுப்புறேன்

எனக்கு.
எனக்கு மட்டும்.
கீழே என் பதில்: "நோட்டட்."

பொய்யில்லை, குறித்துக்கொண்டேன்.
தேதி போட்டேன், இடம் போட்டேன்,
வால் ஒட்டினேன்,
சரியாகத் திறக்கிறதா என்று
ஒருமுறை தொட்டும் பார்த்தேன்.
திறந்தது. மூடினேன்.
மூன்று பகல் அது என் கோப்பில்
பத்திரமாக இருந்தது.
பலகை மேலே ஆடிக்கொண்டிருந்தது.

நாற்பத்தோராயிரம் மெயில்.
இந்த ஒரு வரியை அழித்துவிட்டால்
யாரும் தோண்டப் போவதில்லை.
பலகை என்ற சொல்
ஸ்காட்லாந்துக்காரருக்குத் தெரியாது.
வரியின் முடிவில் கர்சர்
துடித்துத் துடித்து நின்றது.
ஜன்னல் கண்ணாடியில் ஷமால் மணல் உரசியது.
மஃக்ரிப் பாங்கு வரை
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கேம்ப்பில் துரைக்கண்ணுவைக்
கீழ்க்கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள்.
டெலிவரி சலானின் பின்பக்கம்
அறுபத்தேழு எழுத்து,
கையால் எழுதிக் கொடுத்தேன்.
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்னண்ணே, பாஸ்வேர்டா?"

"உங்க மெயிலோட நம்பர்.
கேஸுக்கு வக்கீல்ட்ட குடுங்க.
இத வச்சுக் கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது."

"எந்த மெயிலு?"

அவருக்கு ஞாபகமே இல்லை.
சொன்னேன்.
என் பதிலையும் சொன்னேன்.

மேல்கட்டில்காரன் புரண்டு படுத்தான்.
பலகை முனகியது.
இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

வெகுநேரம் கழித்து
தாளில் ஓரிடத்தில் விரலை வைத்து,
"இது ஓ-வா, சைபரா?" என்றார்.

என் கையெழுத்து.
எனக்கே தெரியவில்லை.